சாஃப்ட் மெஷின்: புதிதாகக் கேட்பவர்களின் சந்தேகங்களும் பதில்களும்

இருபது வருடங்களுக்கு மேலாக சாஃப்ட் மெஷின் கேட்டுவருகிறேன். இசை பிடித்த யாரைப் பார்த்தாலும் இந்த இங்கிலாந்துக் குழுவின் ஆல்பம் ஒன்றைக் கேட்கச் சொல்லாமல் விடுவதில்லை. பத்து நாள் கழித்து அவர்கள் போன் செய்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, என் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சாஃப்ட் மெஷின்னா யாரு? ராக்கா, ஜாஸா?

1966-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரி ஊரில் உருவான குழு. டிரம்ஸும் குரலும் ராபர்ட் வயட், ஆர்கன் மைக் ராட்லெட்ஜ், பேஸ் கெவின் அயர்ஸ், கிட்டார் ஆஸ்திரேலியரான டேவிட் ஆலன். பெயர் வில்லியம் பரோஸின் நாவலிலிருந்து எடுத்தது. 1967-ல் பிரான்ஸ் போய்த் திரும்பியபோது விசா சிக்கலில் ஆலனை பிரிட்டனுக்குள் விடவில்லை. அவர் பாரிஸிலேயே தங்கி காங் என்ற குழுவைத் தொடங்கினார். மீதி மூன்று பேர் கிட்டார் இல்லாமலே தொடர்ந்தார்கள். அந்த இழப்புதான் இவர்களுக்கென்று ஒரு ஒலியைக் கொடுத்தது என்பேன்.

ராக்கா ஜாஸா என்றால், 1967-ல் லண்டனின் யூஎஃப்ஓ கிளப்பில் பிங்க் ஃபிளாய்டுடன் மேடையைப் பகிர்ந்த ராக் குழு இது. 1973-ல் கேட்டால் ஜாஸ் குழு. நடுவில் இருக்கும் ஆறு வருடங்களில் ஒவ்வொரு ஆல்பமும் இரண்டுக்கும் நடுவே வேறொரு இடத்தில் நிற்கிறது. ரசிகர்களை இன்றுவரை பிடித்து வைத்திருப்பது அந்த நகர்வுதான்.

எந்த ஆல்பத்துல இருந்து ஆரம்பிக்கலாம்?

1970-ல் வந்த 'தேர்ட்'. இரட்டை எல்பி, அதாவது இரண்டு இசைத்தட்டுகள். நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு உருப்படி, ஒவ்வொன்றும் 18, 19 நிமிடம். இதைச் சொன்னதுமே பலர் பயந்து முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்கப் போகிறார்கள். வேண்டாம். முதல் ஆல்பம் நல்ல ஆல்பம்தான், ஆனால் அதை வைத்து இவர்கள் எங்கே போகப்போகிறார்கள் என்று ஊகிக்க முடியாது.

பக்க வரிசையிலும் கேட்க வேண்டாம். முதலில் மூன்றாம் பக்கம், 'மூன் இன் ஜூன்'. அதில் மனிதக் குரல் இருக்கிறது, பிடித்துக்கொள்ள வசதி. அப்புறம் இரண்டாம் பக்கம், 'ஸ்லைட்லி ஆல் தி டைம்'. அடுத்து நான்காம் பக்கம், 'அவுட்-பிளடி-ரேஜியஸ்'. முதல் பக்கமான 'ஃபேஸ்லிஃப்ட்' கடைசியில். அது ஆர்கனின் நீண்ட இரைச்சலோடு தொடங்குவது. புதிதாக வருகிறவர்கள் அந்த வாசலில் நின்று திரும்பிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆல்பத்துக்குப் பேரே வைக்காம நம்பர் போட்டிருக்காங்களே, ஒண்ணுக்கொண்ணு என்ன வித்தியாசம்?

முதல் ஆல்பம் 1968-ல் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுடன் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது நியூயார்க்கில் பதிவானது. பாட்டும் குறும்பும் சத்தமும் கலந்தது. அதோடு அயர்ஸ் விலகிவிட்டார். கூடவே சுற்றிக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஹியூ ஹாப்பர் பேஸ் வாசிக்க வந்தார். 1969-ல் வந்த 'வால்யூம் டூ' 17 துண்டுகளாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் நிற்காமல் ஓடும். அதில் வயட் ஆங்கில நெடுங்கணக்கை முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் பாடுவார். இன்னொரு இடத்தில் ஹெண்ட்ரிக்ஸ் குழுவினருக்குப் பாட்டிலேயே நன்றி சொல்வார். இவ்வளவு அன்பான ஆல்பம் இவர்களிடம் வேறு இல்லை.

மூன்றாவதைப் பற்றி மேலே சொன்னேன், இன்னும் சொல்வேன். 1971-ல் வந்த 'ஃபோர்த்'தில் பாட்டே கிடையாது. எல்டன் டீனின் சாக்ஸபோன் நடுவில், சுற்றிலும் லண்டன் ஜாஸ் ஆட்கள். 1972-ன் 'ஃபிஃப்த்' இன்னும் சிக்கனமானது. முதல் பக்கத்தில் பில் ஹவர்டின் டிரம்ஸ், இரண்டாம் பக்கத்தில் ஜான் மார்ஷல். தட்டைத் திருப்பினால் அறையின் காற்றே மாறியது போல இருக்கும். ஹவர்ட் தாளத்தை உடைத்துச் சிதறடிப்பவர். மார்ஷல் கட்டி நிறுத்துபவர். ஒரே ஆல்பத்தில் இரண்டு பேரையும் வைத்துக் கேட்பது போல ஒரு பாடம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. 'ஃபிஃப்த்'தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள்.

'சிக்ஸ்', 'செவன்' இரண்டும் 1973. அவை கார்ல் ஜென்கின்ஸ் வந்தபிறகு எடுத்தவை. அதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

பத்தொன்பது நிமிஷம் வார்த்தையே இல்லாம ஓடுதே, எதைப் பிடிச்சுக்கிட்டு கேக்கறது?

பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன்தான் காதில் முதலில் விழும், அதன் பின்னால் போனால் ஐந்து நிமிடத்தில் தொலைந்துபோவீர்கள். 'ஸ்லைட்லி ஆல் தி டைம்' ஹாப்பரின் பேஸோடுதான் தொடங்குகிறது. ஒரு சின்ன உருவம், திரும்பத் திரும்ப. அதை வாய்க்குள் முணுமுணுக்கிற அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் டிரம்ஸ் வந்து உட்காரும், அப்புறம் டீனின் சாக்ஸ் ராகத்தை எடுக்கும். பேஸ் மாறுகிற இடமெல்லாம் புது அறைக்குள் நுழைகிற கதவு. அப்படிக் கேட்டால் நீளம் தெரியாது. நடுவில் ஜிம்மி ஹேஸ்டிங்ஸின் புல்லாங்குழல் வரும் இடத்துக்காகவே நான் இந்தப் பக்கத்தைத் திரும்பப் போடுவதுண்டு.

'அவுட்-பிளடி-ரேஜியஸ்' வேறு வகை. டேப்பில் பதிந்த கீபோர்டு ஒலிகளை வளையமாகச் சுற்றவிட்டு, பின்னோக்கி ஓடவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார் ராட்லெட்ஜ். அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியின் பாதிப்பு. தூரத்தில் மணிகள் போலத் தொடங்கி மெல்ல நெருங்கி வரும். சில நிமிடம் கழித்து, எதிர்பார்க்காத நொடியில், மொத்தக் குழுவும் உள்ளே பாயும். முதல்முறை இரவில் ஹெட்போனில் கேட்டபோது, அந்த இடத்தில் நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைசியில் மறுபடி அந்த வளையங்கள் வந்து கரைந்துபோகும். அவசரமாகப் பாடலைத் தாண்டிவிடும் பழக்கம் இருந்தால் இது கிடைக்காது.

தாளத்தை எண்ணினா தப்பிப்போகுது. இதுக்கு ஏதாவது வழி?

இவர்கள் நாலுநாலாகப் போவது குறைவு. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று போவார்கள், நடுவில் மாற்றியும் விடுவார்கள். ஆனால் நம் காதுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஏழு வந்தால் 'தகிட தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள், மிச்ர சாபு போல உட்காரும். ஐந்துக்கு 'தக தகிட'. ஒன்பது, பதினொன்றையும் இப்படி இரண்டும் மூன்றும் நாலுமாக வெட்டிக்கொண்டால் போதும். கர்நாடக இசையை இவர்கள் எடுத்தாண்டார்கள் என்று சொல்லவரவில்லை. எண்ணுவதற்கு நம்மிடம் நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று கவனியுங்கள். எண்ணிக்கொண்டே கேட்பது முதல் இரண்டு முறைக்குத்தான். மூன்றாம் முறை விரலை மடக்குவதை விட்டுவிடுங்கள். உடம்பு தானாகப் பிடித்திருக்கும்.

கரகரன்னு கத்துதே, அது கிட்டார்தானே?

இல்லை, ஆர்கன். முதல் கேள்வியில் சொன்னபடி ஆலன் போனபிறகு கிட்டார் இடம் காலியாகவே இருந்தது. 1968-ல் ஆண்டி சம்மர்ஸ் கொஞ்ச நாள் வந்து போனார், பின்னாளில் 'த போலீஸ்' என்ற ராக் குழுவில் புகழ்பெற்ற அதே சம்மர்ஸ்தான். மற்றபடி ராட்லெட்ஜ் தன் லோரி ஆர்கனை, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பாக்ஸ் வழியாகச் செலுத்தி, கிட்டார் செய்யவேண்டிய வேலையைச் செய்தார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அவ்வளவு சத்தத்தில் ஃபஸ் போட்டுவிட்டு விரலை எடுத்தால் கருவி தானாக ஊளையிடத் தொடங்கிவிடும். அதனால் ராட்லெட்ஜ் மூச்சுவிடாமல், ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளியில்லாமல் வாசித்தாக வேண்டியிருந்தது. அவருடைய தனி வாசிப்பு ஒரே நீளமான கயிறு போல இருப்பதற்கு இதுவும் காரணம். ஒரு குறையிலிருந்து ஒரு பாணியே பிறந்திருக்கிறது. ஹாப்பரும் பேஸுக்கு ஃபஸ் போடுவார். இரண்டும் சேர்ந்து உறுமும்போது எது எது என்று எனக்கே சில இடங்களில் தடுமாறும்.

'தேர்ட்' ஒலி ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு? என் ஸ்பீக்கர்ல கோளாறா?

ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள், பதிவே அப்படித்தான். அதிலும் 'ஃபேஸ்லிஃப்ட்' ஸ்டுடியோவில் எடுத்ததே இல்லை. 1970 ஜனவரியில் குராய்டனின் ஃபேர்ஃபீல்ட் ஹாலிலும் பர்மிங்ஹாமின் மதர்ஸ் கிளப்பிலும் நடந்த இரண்டு கச்சேரிகளின் டேப்பை வெட்டி ஒட்டியது. முடிவில் டேப்பைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். எல்பி பக்கத்துக்கு 19 நிமிடம் என்பதும் சத்தத்தை அடக்கத்தான் செய்யும்.

வாங்குவதாக இருந்தால் 2007-ல் வந்த சிடி பதிப்பைத் தேடுங்கள். கூடவே இரண்டாவது தட்டாக, அடுத்த கேள்வியில் வரும் பிராம்ஸ் கச்சேரியும் இருக்கும். மங்கலை முழுதாகப் போக்க முடியாது. நானும் இப்போது அதைக் குறையாக நினைப்பதில்லை, பழுப்புத் தாளில் சுற்றியது போன்ற அந்த அட்டைக்கும் உள்ளிருக்கும் ஒலிக்கும் பொருத்தமாகவே இருக்கிறது.

பிராம்ஸ்ல வாசிச்சாங்கன்னு ஏன் எல்லாரும் பெருமையா சொல்றாங்க?

பிராம்ஸ் என்பது லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒவ்வொரு கோடையிலும் நடக்கும் செவ்வியல் இசை விழா. 1970 ஆகஸ்ட் 13 அன்று, இரவு நேர நிகழ்ச்சியில் சாஃப்ட் மெஷின் வாசித்தது. அந்த விழாவில் இடம்பெற்ற முதல் ராக் குழு இதுதான். டிம் சௌஸ்டர் என்ற இளம் இசையமைப்பாளர் அழைத்துவந்தார். அன்றைய நிகழ்ச்சியில் டெர்ரி ரைலியின் படைப்பும் இருந்தது.

வயட் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. மேடையேறும் முன் சிகரெட் பிடிக்க வெளியே போனாராம். திரும்பி வந்தால் வாசல்காரர் விடவில்லை. நான் உள்ளே வாசிக்க வேண்டும் என்றதற்கு, இங்கே முறையான சங்கீதம்தான் வாசிப்பார்கள் என்று பதில் வந்ததாம். அன்று நான்கு பேர் மட்டும்: ராட்லெட்ஜ், ஹாப்பர், வயட், டீன். கருவி ஒலியில் கோளாறுகள் உண்டு, ஆனால் அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள் என்பதற்கு நல்ல சாட்சி. டீனைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்டன் ஜான் தன் பெயரின் முதல் பாதியை எடுத்துக்கொண்டது இவரிடமிருந்துதான், இருவரும் முன்பு ஒரே குழுவில் இருந்தவர்கள்.

ராபர்ட் வயட்டை ஏன் அனுப்பினாங்க?

1971-ல் வயட் வெளியேறினார். வெளியேற்றப்பட்டதாகத்தான் அவர் பின்னாளில் பேசினார், அந்த வலி அவரைவிட்டுப் போகவில்லை. காரணத்தை ஆல்பங்களிலேயே கேட்கலாம். வயட்டுக்குப் பாட வேண்டும். மற்ற மூவருக்கும் பாட்டு வேண்டாம். 'மூன் இன் ஜூன்' முதல் பாதியில் குரல், டிரம்ஸ் மட்டுமில்லாமல் ஆர்கனும் பேஸும்கூட வயட்டே வாசித்திருக்கிறார். மற்றவர்கள் பிற்பாதியில்தான் வருகிறார்கள். ஒரு குழுவின் ஆல்பத்தில் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து வாசிக்கிறார் என்பது தெரிந்தபின் அந்தப் பக்கத்தைக் கேட்டால் நெஞ்சு கனக்கும். அதே 1970-ல் வந்த தன் தனி ஆல்பத்தின் அட்டையில், வேலையில்லாத பாப் பாடகர், தற்போது சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் வாசிக்கிறார் என்று தன்னைப் பற்றிப் போட்டுக்கொண்டார்.

விலகியதும் தொடங்கிய குழுவுக்கு மேட்சிங் மோல் என்று பெயர். கிட்டத்தட்ட அதே ஒலியில் 'மஷீன் மோல்' என்று ஃபிரெஞ்சில் சொன்னால் மென்மையான எந்திரம், அதாவது சாஃப்ட் மெஷின். 1973 ஜூனில் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மறு வருடம் 'ராக் பாட்டம்' வந்தது. பிங்க் ஃபிளாய்டின் நிக் மேசன் தயாரித்தார். 'தேர்ட்' பிடித்தவர்கள் அடுத்த நாளே இதைக் கேட்க வேண்டும்.

வயட் போனப்புறம் வந்த ஆல்பம் எல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்றாங்களே?

இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். 1972-ல் டீன் போனார், கார்ல் ஜென்கின்ஸ் வந்தார். ஓபோ என்ற ஊதுகருவி, சாக்ஸ், கீபோர்டு எல்லாம் வாசிப்பவர். கட்டற்ற வாசிப்பு குறைந்து, எழுதி வைத்த கட்டமைப்பு கூடியது. 'சிக்ஸ்' ஆல்பத்தில் 'க்ளோயி அண்ட் த பைரேட்ஸ்' கேளுங்கள். அந்த ஓபோ கடல்மேல் பனி படிவது போல வரும். அதே ஆல்பத்தின் கடைசியில் ஹாப்பரின் '1983' இருக்கிறது, இருட்டான, நெஞ்சை அழுத்தும் உருப்படி. அதுவே குழுவுக்கு அவர் கடைசியாகக் கொடுத்தது. அடுத்து பேஸுக்கு ராய் பாபிங்டன் வந்தார்.

1975-ன் 'பண்டில்ஸ்' ஆல்பத்தில்தான் கிட்டார் முழுதாகத் திரும்பியது, ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் கையில். முதல் பக்கத்தைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துக்கொள்ளும் 'ஹசார்ட் புரொஃபைல்' அவருக்காகவே கேட்க வேண்டியது. கிட்டார் சாக்ஸபோன் போல மூச்சு விட்டுப் பாடும். அவர் போனதும் ஜான் எத்ரிட்ஜ் வந்தார், 1976-ல் 'சாஃப்ட்ஸ்'. இவை வேறொரு குழுவின் ஆல்பங்கள் என்று வைத்துக்கொண்டு கேட்டால் நிறைய கிடைக்கும். 'செவன்' மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. 1981-ன் 'லேண்ட் ஆஃப் காக்கெய்ன்' எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கு.

'ஹசார்ட் புரொஃபைல்' நியூக்ளியஸ் பாட்டு மாதிரியே இருக்கே, காப்பியா?

காது நல்ல காது. நியூக்ளியஸ் என்பது இயன் கார் நடத்திய பிரிட்டிஷ் ஜாஸ்-ராக் குழு. அதில் 'சாங் ஃபார் த பியர்டட் லேடி' என்று ஒன்று உண்டு. அதை எழுதியவர் ஜென்கின்ஸ், அப்போது அவர் அங்கே இருந்தார். தன் சொந்த மெட்டை எடுத்து இங்கே பெரிதாக வளர்த்திருக்கிறார். மார்ஷலும் அங்கிருந்து வந்தவர்தான். அதனால் பிற்கால சாஃப்ட் மெஷினை நியூக்ளியஸின் நீட்சி என்று சொல்கிறவர்களின் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். நியூக்ளியஸில் ஊதுகருவிகள் ஆள்கின்றன, 'பண்டில்ஸ்'ஸில் கிட்டார்.

லைவ் ஆல்பம் எக்கச்சக்கமா வந்திருக்கே, எதை வாங்கலாம்?

மூன்று போதும். முதலாவது 'நுவாசெட்'. மேலே சொன்ன குராய்டன் கச்சேரி இருக்கிறதல்லவா, 'ஃபேஸ்லிஃப்ட்'டுக்கு டேப் கொடுத்த அதே இரவு. அன்று வாசித்த மற்ற உருப்படிகள் இதில் இருக்கின்றன. ஊதுகருவிக் கலைஞர் லின் டாப்சனும் சேர்ந்து ஐந்து பேர். இரண்டாவது 'க்ரைட்ஸ்', 1970 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில். நால்வர் அணி உச்சத்தில் இருந்த நேரம், 'தேர்ட்' உருப்படிகள் ஸ்டுடியோவைவிட இங்கே வேகமும் வெறியுமாக இருக்கும். மூன்றாவது 'ஸ்விட்சர்லாந்து 1974', மோன்ட்ரோ ஜாஸ் விழா. 'பண்டில்ஸ்' பாடல்களை ஹோல்ட்ஸ்வர்த் தட்டு வெளிவரும் முன்பே மேடையில் வாசிப்பது இதில் கிடைக்கும்.

ஆரம்பத்துல இருந்தவங்க ஒருத்தருமே இல்லாத குழுவை அதே பேர்ல கூப்பிடறது நியாயமா?

1976-ல் ராட்லெட்ஜும் விலகியபின் தொடக்க ஆட்கள் யாரும் மிஞ்சவில்லை. பழைய உறுப்பினர்கள் சாஃப்ட் மெஷின் லெகசி என்று நடத்திவந்த குழு 2015-ல் பழைய பெயருக்கே திரும்பியது. 2018-ல் 'ஹிடன் டீடெய்ல்ஸ்', 2023-ல் 'அதர் டோர்ஸ்' வந்தன. முன்னது எத்ரிட்ஜ், பாபிங்டன், மார்ஷல் மூவரும் சாக்ஸ் கலைஞர் தியோ டிராவிஸும் வாசித்தது. மார்ஷல் 2023 செப்டம்பரில் இறந்தார். ராட்லெட்ஜ் 2025 பிப்ரவரியில்.

என் கணக்கில் நியாயம்தான். ஆல்பத்துக்கு ஆல்பம் ஆள் மாறுவது இந்தக் குழுவில் 1967-லிருந்தே நடப்பது. எந்த அணி உண்மையான சாஃப்ட் மெஷின் என்று ரசிகர்கள் சண்டை போடுவதைக் கேட்டிருப்பீர்கள். 1970-ன் நால்வர்தான் என்பது என் கட்சி, மறைக்கவில்லை. அதற்காக எத்ரிட்ஜ் வாசிப்பதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

'மூன் இன் ஜூன்' பிபிசி பதிவுல வார்த்தையெல்லாம் வேற மாதிரி இருக்கே, எது ஒரிஜினல்?

'தேர்ட்'டில் இருக்கும் வார்த்தைகள்தான் மூலம். 1968-லேயே அமெரிக்காவில் வயட் தனியாகப் பதிந்த மாதிரிப் பதிவில் அவை இருக்கின்றன. பிபிசி பதிவு 1969 ஜூனில் ஜான் பீலின் 'டாப் கியர்' வானொலி நிகழ்ச்சிக்காக எடுத்தது. ஆல்பத்துக்கு ஒரு வருடம் முந்தியது, ஆனால் வார்த்தைகள் அந்த ஒரு நாளுக்காக மட்டும் மாற்றியவை.

போனமுறை வந்தபோது ஒவ்வொரு பாட்டும் மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியிருந்தது, அப்படியும் மைக் ஒரு தனி வாசிப்பை நுழைத்துவிட்டான் என்று பாடுகிறார். இப்போது ஜாஸ் குழுவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் கிடைப்பது போல நீளமாகவும் சத்தமாகவும் வாசிக்க விட்டிருக்கிறார்கள் என்று மகிழ்கிறார். நடைபாதைக் கோடியில் இருக்கும் டீ மெஷினையும் மறக்காமல் புகழ்கிறார். வயட், ராட்லெட்ஜ், ஹாப்பர் மூன்று பேருமாகச் சேர்ந்து வாசிக்கும் பதிவு அது. ஆல்பத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அதே மனிதர், இங்கே நண்பர்கள் சுற்றி நிற்க, மூடிவைக்காத குரலில் பாடுகிறார். இரண்டையும் ஒரே மாலையில் கேளுங்கள், பிபிசி பதிவை இரண்டாவதாக.